காட்டுத்தாராவுக்கு விழுந்த வேலி

நூஹுவின் பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வு முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கரைத்தீவுக் களப்பின் உப்புநீர்க் கரையோரப் புல்லுக்குள் ஏதாவதொரு காட்டுத்தாரா வாத்து குஞ்சு பொரித்தாக வேண்டும். தாராக்கள் தங்கள் பங்குக்கு முட்டையிட்டன. பக்கத்துப் பட்டிக்காரர் செய்னுலாப்தீனின் மாடுகள் தங்கள் பங்குக்கு மிதித்தன. தப்பியதை நாய்கள் பார்த்துக்கொண்டன. ஒரு கூட்டை நூஹுவே மிதிக்கப் பார்த்தான்.

எனவே, மிஞ்சிய கூடுகளுக்கு அடையாளமாக, காகம் கண்டுகொள்ளாதபடி சற்றுத் தள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புக் கொடி நட்டான். நாடா பிடித்துப் புல்லின் உயரத்தையும் அளந்துவிட்டுத் தில்லையடியில் இருக்கும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் வந்தால், கொடிக்கொரு வேலி முளைத்திருந்தது. தடி, கிடுகு, கிழிந்த மீன்வலை. முதல் வேலியின் வாசலில் கதிரை போட்டு மைமூனா உட்கார்ந்திருந்தார். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த நாள் முதல் காணி கேட்டு அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கியவர்.

"மாமி, என்ன இது?"

"என்னண்டா கேக்கிறா? நீதானே நேத்து நாடாவும் கையுமா அளந்து கொடி நட்டா. கொடிக்கு ஒரு வீடாம். நாங்க முந்திட்டம்."

உண்மையைச் சொல்ல நூஹு வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மாடுகள் வந்தன. வலையை முகர்ந்தன. மைமூனாவின் செருப்பு ஒன்று பறந்தது. மாடுகள் திரும்பிப் போயின. நூஹு வாயை மூடிக்கொண்டான்.

அதன்பிறகு அவனுக்கு ராஜ உபசாரம். ஒரு வேலியில் பிளேன்டி, அடுத்ததில் மீன் ரொட்டி. "தம்பி, என்ட கொடியைக் கொஞ்சம் களப்புப் பக்கமாத் தள்ளி நடுங்களன், காத்து வரும்" என்றார் பக்கத்து வேலிக்கார உசனார். அவர் சமைக்கப்போகும் குசினிக்கும் மண்ணில் கோடு கீறியிருந்தார்.

அந்தக் குசினிக் கோட்டைப் பார்த்த அன்று நூஹு மைமூனாவின் புட்டுத் தட்டைக் கீழே வைத்தான்.

"மாமி, இது காணிக் கொடி இல்ல. தாராக் கூட்டுக்கு வச்சது."

உசனார் எழுந்து தன் வேலித்தடியைப் பிடுங்கத் தொடங்கினார். தூரத்தில் மாடுகள் நல்ல செய்தி கேட்டதுபோலத் தலை நிமிர்த்தின.

மைமூனா தன் வேலிக்குள் போய்ப் புல்லை விலக்கிப் பார்த்தார். உள்ளிருந்து ஒரு தாரா அவரைப் பார்த்துச் சீறியது.

"இவ எப்ப வந்தவ?"

"உங்களுக்கு முந்தியே, மாமி."

மைமூனா புல்லை மெல்ல மூடிவிட்டார். "உசனார் காக்கா, தடிய நடுங்க. இருந்த இடத்தில இருந்து எழுப்பினா எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்குத் தெரியும். குஞ்சு பொரிக்கட்டும். இவனுக்கு அடிக்கிறதப் பிறகு பாப்பம்."

குஞ்சுகள் பொரித்தன. அம்மாவின் பின்னால் வரிசையாக உசனாரின் குசினிக் கோட்டுக்குள் நுழைந்து, வலைக்கடியால் குனிந்து, களப்பில் இறங்கின.

"ஒரு ஸலாம் கூடச் சொல்லாமப் போகுதுகள்" என்றார் உசனார். ஆனாலும் அவை கண்ணை விட்டு மறையும் வரை கதிரையை விட்டு அசையவில்லை.

நூஹு கொடிகளைப் பிடுங்கிச் சுருட்டினான். அடிக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டுதான் மைமூனாவிடம் வந்தான்.

அவர் அடிக்கவில்லை. கொடிகளில் ஒன்றை உருவி அவன் கையில் திணித்தார்.

"இதைக் கொண்டுபோய்க் கந்தோர் வாசல்ல நடு. எங்கட காணி மனு அங்க கனகாலமா அடைகிடக்குது."