அளந்து காட்டு

"தாத்தா இருட்டுல மின்னுவாராம்மா?" என்று குழந்தை ஒருமுறை கேட்டாள். மருமகள் சிரிக்கவில்லை. அடுத்த அறையிலிருந்து மாமனார்தான், "மின்னினா கரண்டு பில்லு மிச்சமாச்சே கண்ணு!" என்றார்.

இப்போது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கன்னத்தைத் தொட நீண்ட குழந்தையின் கையை மருமகள் வெடுக்கென்று இழுத்தாள்.

"செத்த பிறகுமா?" என்றான் கணவன், அவள் காதோடு.

அணுக்கழிவைப் பீங்கான் கட்டிகளுக்குள் பூட்டிவைக்கும் ஆய்வுக்கூடத்தில் மாமனாருக்கு வேலை. அடைபட்ட கழிவு உள்ளிருந்து ஓயாமல் முட்டும். அணுக்களின் வரிசை கலையும். கட்டி வீங்கும், ஒருநாள் விரிசல் விடும். "எத்தன முட்டு தாங்கும்னு பாக்குறதுதான் நம்ம பொழப்பு" என்பார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். மருமகள் நம்பவில்லை. இத்தனை காலமும் அவர் சட்டையைத் தனியாகத் துவைத்தவள், தம்ளரை ஜன்னலோரம் தனியாக வைத்தவள். அவர் ஒன்றும் கேட்டதில்லை. குடித்ததும் தானே கழுவி அங்கேயே கவிழ்த்துவிடுவார்.

அவரோடு வேலை பார்த்தவர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பையிலிருந்து மஞ்சள் பெட்டி ஒன்றை எடுத்தார். கதிர்வீச்சை அளக்கும் கருவி.

"எங்களுக்குத் தெரியாம என்னத்த அளக்குறீங்கண்ணே? அப்ப ஏதோ இருக்கு, இல்ல?" என்றாள் மருமகள்.

"உனக்குத் தெரியணும்னுதாம்மா. அவரு கேட்டுக்கிட்டாரு. 'நான் இருக்கும்போது அளந்தா அந்தப் பொண்ணு கூனிக் குறுகிடும். போனப்புறம் மருமக எதிர்லயே அளந்து காட்டு. புள்ளைய வச்சுக்கிட்டுப் பயந்துட்டே இருக்கக் கூடாது'ன்னாரு."

கருவி நெற்றியருகே போனது. டிக்... டிக்... சோம்பலான சத்தம். தரையிலும் அதே சத்தம்தான்.

அவள் கருவியைப் பிடுங்கிக்கொண்டு வீடெங்கும் நடந்தாள். சமையல் மேடையில் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"கருங்கல்லும்மா. சிலது இப்படிக் கொஞ்சம் பேசும், ஒண்ணும் செய்யாது" என்றார் வந்தவர். "உன் மாமனாரவிட உன் மேடைதான் வாயாடி."

கடை கடையாக ஏறி அவளே தேர்ந்தெடுத்த கல் அது.

கூடத்துக்கு வந்து குழந்தையின் முதுகில் கை வைத்தாள். "போ. தாத்தாவத் தொடு." அவரை எடுக்குமுன் அந்த ஒரு நிமிடத்தையாவது கடவுள் அவளுக்கு மிச்சம் வைத்திருந்தார்.

அவரை வண்டியில் ஏற்றினார்கள். எதையோ மறந்தவள்போல் அவள் மட்டும் வீட்டுக்குள் திரும்பினாள். ஜன்னலோரத்தில் தம்ளர், அவர் கவிழ்த்தபடியே இருந்தது. அதில் தண்ணீர் பிடித்து, வாய் வைத்து, நிதானமாக முழுவதையும் குடித்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. தம்ளரைக் கழுவி, மற்றவற்றோடு கவிழ்த்துவிட்டுப் போனாள்.