பெயரும் ஊரும் மாற்றப்பட்டுள்ளன

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மழையிலோ காதலிலோ பிறந்திருந்தால் சொல்லிக்கொள்ள கௌரவமாக இருந்திருக்கும். என்ன செய்வது, எனக்கு வாய்த்தது படிவம்.

திருப்பதியில் ஒரு கல்லூரி. அதன் உளவியல் துறை ஆசிரியர்களைப் பற்றி இணையதளத்தில் போட ஆளுக்கு நூற்றைம்பது சொல்லில் அறிமுகம் எழுதித் தரச் சொன்னார்கள். இந்த வேலையில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். படிவத்தில் மூன்று கட்டங்கள்: சிகிச்சை, கற்பித்தல், தொழில் அறம். எல்லோரும் முதல் இரண்டைப் பட்டங்களால் நிரப்பிவிட்டு, மூன்றாவதில் ‘விதிகளை மதிப்பவர்’ என்று எழுதியிருந்தார்கள். தேவசேனா என்பவர் மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது இது: ‘அறநெறிக் குழுவில் ஆறு ஆண்டு உறுப்பினர். ஒருமுறை நானே தவறினேன். இந்த வரியை நீக்கக் கூடாது.’

நீக்கக் கூடாதாம்! உடனே போனைப் போட்டேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘தேவசேனா ஜன்னலருகே நின்று ஏழுமலையைப் பார்த்தாள். அவள் கண்களில் கடலின் ஆழம்...’

அடித்துவிட்டேன். அவளுடைய கிளினிக் இருப்பது சித்தூரில். அங்கிருந்து ஏழுமலை தெரியாது. கடல் இன்னும் தூரம்.

இரண்டாவது வரைவு: ‘மனம் என்னும் மர்ம மாளிகையின் சாவியைக் கையில்...’

சீ.

நேராகச் சொல்கிறேன். (போனில் ‘அவர்’, கதையில் ‘அவள்’. கிட்டத்தில் போக வேறு வழியில்லை.) தேவசேனாவுக்கு நாற்பத்தாறு வயது. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மகள் டாக்டராவாள் என்று நைனா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தார். அவள் உளவியல் படித்துவிட்டு வந்து நின்றபோது ஊசி போடாத டாக்டரா என்று கேட்டுவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். அந்த ஊசி போடாத டாக்டருக்குச் சித்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் இரண்டு அறை. அடுத்த அறை தையல் கடை. இவளிடம் வருகிற பெண்கள் கையில் ஒரு ரவிக்கைத் துணியை வைத்துக்கொண்டு படியேறுவார்கள், பார்க்கிறவர்கள் தைக்கக் கொடுக்கப் போவதாக நினைக்கட்டுமே என்று. பாதிப்பேர் வந்ததோடு தைக்கவும் கொடுத்துவிடுவார்கள். தையல்காரருக்கு அதில் நல்ல பிழைப்பு.

செவ்வாயும் வெள்ளியும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போய்ப் பாடம் நடத்துவாள். மாதம் ஒருமுறை அதே கல்லூரியின் அறநெறிக் குழுவில் உட்கார்ந்து, ஆராய்ச்சி மாணவர்கள் யாரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று கறாராகத் தீர்ப்புச் சொல்வாள். அவள் பெயரைக் கேட்டாலே ஆராய்ச்சி மாணவர்கள் கேள்வித்தாளை இன்னொரு முறை திருத்தி எழுதுவார்களாம்.

3

தவறு நடந்த விதம்.

வகுப்பில் சொல்வதற்கு உண்மையான ஆட்களின் கதை வேண்டும். ஆனால் அந்த ஆள் யார் என்று தெரியக் கூடாது. இதற்குத் தேவசேனா ஒரு கணக்கு வைத்திருந்தாள். ஐந்து விவரங்களை மாற்ற வேண்டும். பஸ் புத்தலப்பட்டைத் தாண்டுவதற்குள் பெயரை மாற்றுவாள். சந்திரகிரி வருவதற்குள் ஊர், வயது, தொழில், பிள்ளைகுட்டி எல்லாம் மாறிவிடும். நான் முப்பது வருஷமாகச் செய்கிற வேலையை அந்தம்மா ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டது ஓர் இளம் தாயின் கதை. கைக்குழந்தையைத் தானே ஏதாவது செய்துவிடுவோமோ என்று அவளுக்கு அடிக்கடி ஓர் எண்ணம் வந்து உலுக்குகிறது. உண்மையில் அவள் எந்த ஊர், என்ன வயது என்று எனக்குத் தெரியாது, தேவசேனா சொல்லவில்லை. வகுப்பில் அவள் ஆனது இப்படி: வயது இருபத்தெட்டு, ஊர் பங்காருபாளையம், மாம்பழ மண்டி வைத்திருக்கும் வீட்டு மருமகள், புருஷன் பெங்களூரில் வேலை, எட்டு மாத ஆண் குழந்தை.

கடைசிப் பத்து நிமிடத்தில்தான் முக்கியமானதைச் சொன்னாள். இப்படி ஓர் எண்ணம் எத்தனையோ தாய்மார்களுக்கு வந்து போகிறது. அதைக் கண்டு நடுங்குகிறவள் அதைச் செய்கிறவள் அல்ல. குழந்தையை அவளிடமிருந்து பிரிப்பதுதான் செய்யக் கூடாத காரியம்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஸ்வர்ணலதா என்ற மாணவி வகுப்பில் இல்லை. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

ஸ்வர்ணலதாவின் வீடு பங்காருபாளையத்தில். மாம்பழ மண்டி வீடு. அண்ணன் திலீப் பெங்களூரில். அண்ணி கன்னிகாவுக்கு இருபத்தெட்டு. பிள்ளைக்கு எட்டு மாதம். பஸ்ஸில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பெயரைத் தவிர எல்லாம் ஒத்துப்போயிற்று; பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் காதில் போட்டாள்.

(நம்ப முடியவில்லையா? எனக்கும்தான். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பியிருக்கும். மாமரமும் பெங்களூரும் இல்லாத வீடு அந்தப் பக்கத்தில் எத்தனை என்று எண்ணிவிட்டு அப்புறம் பேசுங்கள்.)

4

ஸ்வர்ணலதாவின் அம்மா ஜெயம்மா. முதல் வரைவில் இவளைக் கொடுமைக்கார மாமியாராக எழுதினேன், மூக்குத்தியெல்லாம் மின்னவிட்டேன். படித்துப் பார்த்தால் பொய். ஜெயம்மா மருமகளை ஒரு சொல் கடிந்து பேசாதவள். மகள் சொன்னதைக் கேட்டுப் பேரப்பிள்ளைக்காகப் பயந்துவிட்டாள், அவ்வளவுதான். தொட்டிலைத் தன் அறைக்கு மாற்றினாள். பால் கொடுக்க மட்டும் பிள்ளையை மருமகளிடம் நீட்டுவாள். கொடுத்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சமையலறையிலிருந்து அரிவாள்மணையும் கத்தியும் காணாமல் போயின.

காரணத்தை யாரும் கன்னிகாவிடம் சொல்லவில்லை. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஸ்வர்ணலதாவே பொறுக்க முடியாமல் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். மறுநாள் காலை கன்னிகா சித்தூர் பஸ் ஏறினாள். ரவிக்கைத் துணி கிணி எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு மாடிப்படி ஏறினாள்.

படி வரைக்கும்தான் தேவசேனா எனக்குச் சொன்னது. “ரூமுக்குள்ள நடந்தது உங்களுக்குக் கெடையாது” என்று சொல்லிவிட்டாள். சரிதான். ஆகவே கதவைத் திறந்துகொண்டு நானே உள்ளே போகிறேன். கதைக்காரனை விசாரிக்க எந்தக் குழு இருக்கிறது?

5

கன்னிகா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

“நான் உங்ககிட்ட வந்ததே இல்லன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மேடம். என் புள்ளைய அத்த ரூம்ல வச்சிக்கினு கீறாங்க. எனக்குத் தர மாட்டேன்றாங்க.”

தேவசேனா பேனாவை எடுத்தாள் என்று எழுதினேன். பிறகு வைத்தாள் என்று எழுதினேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் ஒரு வாரம் திண்டாடினேன். ஒருத்தர் தன்னிடம் வந்தார் என்று சொல்லக் கூடாது, வரவில்லை என்றும் சொல்லக் கூடாது. அது அவள் வருஷா வருஷம் போதிக்கிற விதி. கன்னிகா தானாக வாய்விட்டுக் கேட்கிறாளே, அவள் சம்மதம் போதாதா, எழுதிக் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று எனக்கே கோபம் வந்தது. தேவசேனாவுக்கும் அதே ஆத்திரம். ஒரு தாள், இரண்டு வரி, பிள்ளை இன்று சாயங்காலமே தாயிடம் போய்விடும். தன்னால் வந்த வினை.

அப்போதுதான் அந்த இரண்டு வரியின் மறுபக்கம் அவளுக்கு உறைத்தது. ‘அந்தப் பெண் இவள் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால், இவளாக இருந்திருந்தால் பிள்ளையைப் பிடுங்கியது சரிதான் என்று தானே கையெழுத்துப் போட்டதாக ஆகும். எங்கோ ஒரு வீட்டில் அந்த உண்மையான பெண் இருக்கிறாள். அவளும் தேவசேனாவை நம்பித்தான் படியேறியவள்.

லெட்டர் தர முடியாது என்று சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். கன்னிகா கேட்டுக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

“உங்க ரூலு எனக்கு எதுக்கு மேடம்? நீங்க கிளாஸ்ல ஒரு கத சொன்னீங்க. எங்க வூட்ல தொட்டிலு பூடுச்சி.”

தேவசேனா மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு கன்னிகா நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைச் சொன்னாள். மொட்டை மாடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும்போது ஒருநாள் தனக்கும் அந்த எண்ணம் வந்ததாம். பயந்து கீழே ஓடிவந்துவிட்டாளாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

“எனக்கும் வந்துச்சும்மா” என்றாள் தேவசேனா. “என் பொண்ணுக்கு இப்ப பத்தொம்போது வயசு.”

(இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். தேவசேனா சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அவளுடைய விதியை என்மேலேயே பிரயோகிக்கிறாள்!)

6

அடுத்த வகுப்பில் அவள் பாடம் நடத்தவில்லை. ஊர், வயது, மண்டி, பிள்ளை எல்லாம் பஸ்ஸில் தான் ஜோடித்தவை, யாரையும் தேடாதீர்கள் என்றாள். தேடத் தோன்றும்படி கதை சொன்னது தன் தவறு, முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளியது அதைவிடப் பெரிய தவறு என்றாள். பிறகு தன்மேல் தானே புகார் எழுதிக் குழுத் தலைவர் சாரங்கபாணியிடம் கொடுத்தாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டி மறுபடி படித்தார்.

“புகார் குடுக்கறதும் நீ, குத்தவாளியும் நீ, குழுவுலயும் நீ. இதுக்கு ஃபார்மட்டே கிடையாதேம்மா” என்றார். ஆனாலும் தண்டனை கொடுத்தார்: ஆறு மாதம் குழுவிலிருந்து விலக்கம், ஒரு வருடம் வகுப்பில் நோயாளிகளின் கதை சொல்லத் தடை. அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கன்னிகா கூப்பிட்டதன்பேரில், பங்காருபாளையம் போனாள். ஜெயம்மா கூடத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்வர்ணலதா கதவோரம்; எல்லாம் ஜோடித்தவை என்று வகுப்பில் கேட்டதை அவள் வந்து சொல்லியும் ஜெயம்மா நம்பியிருக்கவில்லை. கன்னிகா எதிரே. வகுப்பின் அந்தப் பத்து நிமிடத்தைத் தேவசேனா ஒரு சொல் குறையாமல் மறுபடி சொன்னாள். ஜெயம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி.

“அதெல்லாம் இருக்கட்டும். நேரா சொல்லு மேடம். அந்தப் பொண்ணு இவளா, இல்லியா?”

‘இல்லை’ என்ற ஒரு சொல் தேவசேனாவின் நாக்கு நுனியில் நின்றது. எதிரே கன்னிகாவின் கை பிள்ளையை வாங்கத் தானாக நீண்டிருந்தது.

“சொல்ல மாட்டேம்மா. இவளா இருந்தாலும் புள்ள இவகிட்டதான் இருக்கணும்.”

7

இனி முடிவு.

அ. ஜெயம்மா எழுந்து பிள்ளையைக் கன்னிகாவின் கையில்...

ஆ. ஜெயம்மா எழுந்து பிள்ளையோடு உள்ளே போய்க் கதவை...

இ. திலீப் பெங்களூரிலிருந்து வந்து...

மூன்றையும் எழுதினேன். மூன்றும் நன்றாகவே வந்தன. என் கைவரிசை அப்படி. உண்மையில் நடந்தது எது என்றும் எனக்குத் தெரியும். அதை அச்சில் போடக் கூடாது என்பது கன்னிகாவின் நிபந்தனை. எழுதலாம், ஆனால் எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள் என்றாள். மாற்றினேன். பெயர், ஊர், வயது, மண்டி, பிள்ளை, ஐந்தையும். தேவசேனா பஸ்ஸில் செய்த அதே வேலையை நான் மேஜையில் உட்கார்ந்து செய்திருக்கிறேன். அதே தவறு என்னையும் பிடிக்கலாம்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டு மருமகளோ, அண்ணியோ, தங்கையோ மனதில் வந்து நின்றிருந்தால், அவளா இல்லையா என்று எனக்கு எழுதிக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். குழந்தை இப்போது யார் மடியில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் மடியிலா? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய் அவளிடம் கொடுங்கள்.