சந்தனம் பட்ட தண்டு

கட்டைவிரல் இறங்குகிறது, சந்தனத்தில் தோய்ந்த ஈரமான கட்டைவிரல், முகம் பார்க்கும்படி மெருகேற்றிய இரும்புத் தண்டின் மேல், லாரியைவிட நீளமான தண்டு, பேரிங்குகளில் உட்காரும் அதன் கழுத்துகள் வரிசையாக மினுங்குகின்றன, குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டே நகர்கிறார், விபூதி, சந்தனம், நடுவில் குங்குமம், நான் கைகூப்பி நிற்கிறேன், கற்பூரப் புகையில் கண் எரிகிறது, மூடுகிறேன், திறக்கும்போது கிரேன் பேரிங்கின் மேல்மூடியை இறக்கிக்கொண்டிருக்கிறது, பொட்டைத் துடைத்தார்களா, யாராவது துடைத்திருப்பார்கள், துடைக்காமலா இருப்பார்கள், பிறகு அந்தத் தண்டின் மேல் சட்டம் ஏறியது, சிலிண்டர்கள் ஏறின, மூன்று மாடி உயரத்துக்கு எஞ்சின் எழுந்தது, நாளை ஓட்டிப் பார்க்கக் கப்பல்காரர்கள் வருகிறார்கள், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட அதன் வயிற்றுக்குள் தவழ்ந்து போகிறேன், டார்ச் வெளிச்சம் மூன்றாவது மூடியில் படுகிறது, அப்போதுதான் அந்த விரல் எனக்குள் இறங்குகிறது.

மூடியைத் தூக்கணும், என்கிறேன், கதவுத் துளையில் தலையை நீட்டிய ஃபோர்மன் மிக்கேல் சிரிக்கிறார், இன்னா மேடம், ஒரு பொட்டுக்கா இம்மாம் பெரிய மூடியத் தூக்கச் சொல்றீங்க, உங்காளுங்க எதைக் கண்டாலும் பொட்டு வெச்சிடறாங்க, எங்க ஃபாதர்னா தண்ணி தெளிச்சிட்டுப் போயிருப்பாரு, தண்ணி தெளிச்சா துரு புடிக்கும் மிக்கேல், அதுக்கும் தூக்கச் சொல்லியிருப்பேன், மானேஜர் சடகோபன் வந்து குனிகிறார், நீங்க பாத்தீங்களா, பாத்தேன் சார், துடைக்காம மூடினதப் பாத்தீங்களா, அதப் பாக்கல, எந்த பேரிங், மூணாவதுன்னு நினைக்கிறேன், நினைக்கிறீங்க, நானும்தான் பக்கத்துல நின்னேன், எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லையே, கனவு கினவு கண்டீங்களாம்மா.

கண்டிருக்கலாம், அந்த விரல் பூஜையில் இறங்கியதா, தூக்கத்தில் இறங்கியதா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் விபூதியில் ஒரு மணல் பருக்கை போதும், பேரிங்கின் உள்பூச்சு ஈயத்தைப்போல மிருது, பருக்கை அதில் புதைந்து உட்கார்ந்துகொள்ளும், தண்டு சுற்றச் சுற்ற இரும்பை உழும், எண்ணெய் கழுவிடும்மா, என்கிறார் சடகோபன், கழுவாது சார், பதிஞ்சிடும், நாளைக்கு நல்லா ஓடும், கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் நடுக்கடல்ல நிக்கும்.

நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும், நான் மூன்றாம் எஞ்சினியராகப் போன கப்பல், மாதக்கணக்காகக் காலடியில் இருந்த துடிப்பு, தூக்கத்திலும் எலும்பில் கேட்ட துடிப்பு, சட்டென்று நின்றுபோகிறது, ஆடிக் காற்று, கப்பல் அலைக்கு விலாவைக் காட்டிப் புரள்கிறது, மலையாளத்துச் சமையற்காரர் குஞ்ஞாமு உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார், மோளே, எப்போ ஓடும், இதோ இக்கா, இதோ, மேலிருந்து ஃபோன் அலறுகிறது, பாறை தெரிகிறதாம், கொதிக்கும் பேரிங்கைத் திறக்கிறோம், உருகிக் கிடக்கிறது, எண்ணெய்த் துளையில் ஒரு துணிக்கந்தல், எஞ்சினைக் கட்டியவர்கள் துடைத்துவிட்டு மறந்தது, நான் போகாத ஊரில் நான் பார்க்காத ஒரு கை, அந்த நேரத்தில் அது வீட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்திருக்கும், இழுவைப் படகு வந்தது, பிழைத்தோம், ஆனால் இழுவைக் கயிறு அறுந்து அடித்ததில் எங்கள் போசனுக்கு, தளத்து மாலுமிகளின் தலைவருக்கு, ஒரு கால் போயிற்று, அந்தக் கை ஒருநாளும் என் கையாக இருக்கக் கூடாது, அதற்காகத்தான் கரைக்கு வந்தேன், எஞ்சின் கட்ட வந்தேன்.

தூக்கினா நாளைக்கு டிரையல் இல்ல, என்கிறார் சடகோபன், இவங்களால முடியாதுன்னு கப்பல்காரங்க எஞ்சின் வாங்க கொரியாவுக்கே திரும்பிடுவாங்க, நாம கட்டுற முதல் கப்பல் எஞ்சின்மா இது, உங்க வேலையும் இருக்காது, சொல்லிட்டேன், இல்லாட்டி போகுது சார், வெளிய வாங்க முதல்ல, வரமாட்டேன், எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு, எஞ்சினுக்குள் போகிறவர் தன் பெயர் பொறித்த வில்லையைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் போவார், வில்லை தொங்கும்வரை தண்டைச் சுற்ற யாருக்கும் உரிமையில்லை, மானேஜருக்கும் இல்லை, போட்டவர்தான் வந்து எடுக்க வேண்டும், நான் எண்ணெய்த் தரையில் சம்மணமிட்டு உட்காருகிறேன், சடகோபன் கதவில் தொங்கும் என் வில்லையைப் பார்க்கிறார், மிக்கேலைப் பார்க்கிறார், என்னைப் பாக்காதீங்க சார், நான் அதத் தொடமாட்டேன், நாளைக்கு நான் உள்ள இருக்கசொல்ல எவனாவது என் வில்லைய எடுத்துடுவான், என்கிறார் மிக்கேல்.

தூக்கித் தொலைங்க என்று சடகோபன் கையசைக்கிறார், மூன்றாவது மூடி எழுகிறது, சங்கிலி அங்குலம் அங்குலமாக இழுக்கிறது, அதற்குள் மதியச் சங்கு ஊதிவிட்டது, யாரும் சாப்பிடப் போகவில்லை, டார்ச்சைச் சாய்க்கிறேன், தண்டு பளபளக்கிறது, எண்ணெய், அதற்கடியில் சுத்தமான இரும்பு, விரலால் தடவுகிறேன், உள்பூச்சைத் தடவுகிறேன், ஒன்றுமில்லை, பருக்கை இல்லை, கீறல் இல்லை, சந்தனக் கறை இல்லை, கதவுத் துளையில் சடகோபனின் முகம், ஆச்சா, கனவுதானே, போதும், வாங்கம்மா, குரலில் கோபம்கூட இல்லை, இரக்கம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, போசன் ஒரு காலோடு ஸ்ட்ரெச்சரில் இறங்குகிறார், குஞ்ஞாமுவின் கண்ணில் வெங்காய நீர், மோளே, எப்போ.

இத துடைச்சிருக்காங்க சார், அடுத்தது.

எதும்மா, நாலாவது, அதுவும் சுத்தமா இருந்தா, அஞ்சாவது, எல்லாத்தையுமா, எல்லாத்தையும், சடகோபன் நிமிர்ந்து யாருக்கோ ஃபோன் போட்டுக்கொண்டே நடக்கிறார், நாளைக்கு வேண்டாம், ஒரு வாரம் தள்ளிக்குங்க, இல்ல, என்னால அவளை வெளிய எடுக்க முடியல, மிக்கேல் இன்னும் அங்கேயே நிற்கிறார், என்னைத் திட்டப்போகிறார் என்று நினைக்கிறேன், அவர் திரும்பிக் கத்துகிறார், டேய், ஜாக்கை இந்தாண்ட தள்ளுங்கடா, மேடத்துக்கு உள்ளயே சோறு குடுங்க, நான் முட்டியால் நகர்ந்து நாலாவதன் அடியில் போய் உட்காருகிறேன், தலைக்கு மேலே அதன் நட்டு கழலத் தொடங்கி முதல் முறையாக முனகுகிறது.