கதவு வழியாக வந்த செய்தி

எங்கள் ஊர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி எப்போதும் ஜன்னல் வழியாகத்தான் வந்தது. வீட்டாருக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெயிலோ பனியோ, கீழே முற்றத்தில் நிற்க வேண்டும். மேல்மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று திறக்கும். ஆயாம்மா பாதி உடம்பை வெளியே நீட்டி, "சுயுஞ்சு! சுயுஞ்சு!" என்று கூவுவாள். நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறேன், பரிசை எடுத்து வை என்று அர்த்தம். பையனா பெண்ணா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கெட்ட செய்தியை யாரும் கூவ முடியாது. அதற்குக் கதவு இருந்தது. டாக்டர் படியிறங்கி வந்து கதவைத் திறந்து, பெயரைச் சொல்லி, தாழ்ந்த குரலில் உள்ளே கூப்பிடுவார். முற்றத்தில் நிற்பவர்கள் அந்தக் கதவைப் பார்க்காமலே நிற்கப் பழகியிருந்தார்கள். எங்கள் முதல் குழந்தைக்கு அந்தக் கதவுதான் திறந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நானும் என் மனைவி பெகிமாயும் பேசிக்கொண்டதில்லை.

இப்போது அந்தக் கட்டடத்தில் பாதி இல்லை. கழற்றிய ஜன்னல் சட்டங்களை மதிலோரம் அடுக்கியிருந்தார்கள். பக்கத்திலேயே புதுக் கட்டடம், வெள்ளையும் பச்சையுமாக. திறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

காலையில் பெகிமாய்க்குத் திடீரென்று பனிக்குடம் உடைந்தது. எட்டாம் மாதம். ஆம்புலன்ஸிலிருந்து நேராக ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் அவளுடைய கோட்டையும் பூட்ஸையும் போனையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பையோடு முற்றத்தில் நின்றேன். உருகும் பனியில் மணலும் சுண்ணாம்பும் கலந்து காலடியெல்லாம் சேறு.

என் அக்கா புருல் ஒரு வெள்ளைத் தலைத்துணியை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். சுயுஞ்சு கேட்பவளுக்குக் கொடுப்பதற்கு.

"எந்த ஜன்னல்டா?" என்றாள்.

"தெரியலக்கா."

"கேட்டாவது வெச்சிருக்கலாம்ல? வாய்ல என்ன, பூர்சோக் பணியாரத்தை அடைச்சு வெச்சிருக்கியா?"

பக்கத்தில் தன் மருமகளுக்காகக் காத்திருந்த குபாத் சிரித்தார். சந்தையில் குதிரைச் சேணம் விற்பவர். "எந்த ஜன்னலா இருந்தா என்னம்மா? அத்தனையும் பிளாஸ்டிக். மேல கொஞ்சம் சாயுது, அவ்வளவுதான். அந்த இடுக்குல பூனை கூடத் தலைய நீட்ட முடியாது. ஆயாம்மா எங்க நீட்டுறது?"

"இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினவனுக்கு, சேதி எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கத் தெரியல பாரு," என்றாள் அக்கா.

காவலாளி இரண்டு முறை வந்து பார்த்தான். "உள்ள போய் உக்காருங்களேன். சோபா போட்டிருக்கு, வெந்நீர் இருக்கு. இப்ப யாரும் வெளிய நிக்க வேண்டாம்."

"நீயே போய் உக்காரு," என்றார் குபாத். "எங்களுக்கு இங்கயே நல்லா இருக்கு." சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவரும் நகரவில்லை.

அக்கா பெகிமாயைத் திட்ட ஆரம்பித்தாள். பயம் வந்தால் அவள் யாரையாவது திட்டுவாள். "வாளியத் தூக்காதேன்னு எத்தனை வாட்டி சொன்னேன். கேட்டாளா? அவளுக்கு மாவு பிசையவே வராது. அவ செய்ற ரொட்டி கல்லு மாதிரி இருக்கும். ஆனா வாளி தூக்க மட்டும் வரும்."

நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிகளில் மலையும் மேகமும் மட்டும் தெரிந்தன.

அப்போது கதவு திறந்தது. தானாக, ஒரு சத்தமும் இல்லாமல் இரண்டு பக்கமும் விலகியது. நீல உடுப்பில் ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

"பெகிமாயோட ஆளுங்க யாரு?" என்றாள் தாழ்ந்த குரலில். "டாக்டர் உங்ககிட்ட பேசணும்னு சொல்றாங்க. உள்ள வாங்க."

குபாத் தொப்பியைக் கழற்றினார். சற்று முன்புவரை சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டு ஏதோ பிரார்த்தனையை முணுமுணுத்தார். எனக்கு வழிவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அப்படி விலகி நிற்கும் மனிதர்களுக்கு நடுவே நடப்பது எனக்குப் புதிதல்ல.

நர்ஸ் பூட்ஸுக்கு மேல் போடும் உறை கொடுத்தாள். குனிந்து மாட்ட முயன்றேன். உறை நழுவி நழுவி விழுந்தது. அவளே மாட்டிவிட்டாள். அவள் அவ்வளவு கனிவாக நடந்துகொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு சிறிய அறை. மெத்தை நாற்காலிகள், சுவரில் மலைப் பூக்களின் படம். மேசை மேல் தண்ணீர், கண் துடைக்கும் காகிதத்தாள் பெட்டி. அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமான செய்தி சொல்லும் அறையில் இதை எதற்கு வைக்கிறார்கள்? "உக்காருங்க, இதோ வந்துடுவாங்க," என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

நானும் அக்காவும் உட்கார்ந்தோம். அந்த அறையில் இருந்த அமைதிக்கு ஒரு கனம் இருந்தது. அதை அப்படியே வைத்துக்கொள்ளத் தோன்றியது. யாரும் வாயைத் திறக்காத வரைக்கும் பெகிமாய் இருக்கிறாள்.

அக்காவால் அது முடியவில்லை. அவள் எழுந்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றினாள். எங்கள் பெண்கள் எதற்காக அப்படி நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, வேண்டாம்."

அவள் ஆரம்பித்துவிட்டாள். அடிவயிற்றிலிருந்து வந்தது ஒப்பாரி.

"தம்பி வீட்டு அடுப்பே, என் தங்கமே,
எங்கே போனாய் எங்களை விட்டு!
பஞ்சாய் ரொட்டி சுட்ட கையே,
பத்து வீட்டுக்கும் படியளந்த கையே!
மலைமேல் பனி போல வெளுத்த மனசே,
உன்னைப் போல் மருமகள் இனி யார் வருவாள்!"

சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. டாக்டர் ஷாயிர்குல் வாசலிலேயே நின்றுவிட்டார். தலைநகரிலிருந்து புதிதாக வந்தவர், இளவயதுதான். அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"என்ன ஆச்சு? யாரு இறந்துட்டாங்க?"

அக்கா அடுத்த அடியின் பாதியில் நின்றாள். மெல்லத் திரும்பினாள். "என்னையா கேக்குற? எங்க பெகிமாய் இல்லையா?"

"பெகிமாயா? அவங்க நல்லா இருக்காங்களே! குழந்தையும் நல்லா இருக்கு. பொண்ணு. சின்னதா இருக்கா, ஆனா தானாவே மூச்சு விடுறா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நான் சுவரிலிருந்து தலையை எடுத்து டாக்டரைப் பார்த்தேன்.

பிறகு அக்கா டாக்டர் மேல் பாய்ந்தாள். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? கதவத் தொறந்துக்கிட்டு வந்து, 'டாக்டர் பேசணும்'னு மெதுவா கூப்பிட்டா நாங்க என்னன்னு நினைக்கிறது? நல்ல சேதின்னா கத்த வேண்டியதுதானே! உங்க ஊர்ல யாருக்கும் தொண்டை இல்லையா?"

டாக்டர் நாற்காலியின் கையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அதனாலதானா? நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன், இந்த ரூமுக்குள்ள வர்றவங்க எல்லாருமே அழுதுகிட்டே வர்றாங்க. இந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ரொம்ப இளகின மனசுன்னு நினைச்சேன். நேத்து ஒருத்தர் வாசல்லயே மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. அவருக்கு ரெட்டைப் பசங்க!"

அக்கா அவரை முறைத்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அதுவே அழுகையாக மாறியது. அந்தப் பெட்டியிலிருந்து கைநிறையக் காகிதத்தை உருவி மூக்கைச் சிந்தினாள். வெள்ளைத் துணியை டாக்டரின் மடியில் வைத்து, "கத்தத் தெரியலன்னாலும் சேதி கொண்டு வந்தவ நீதான். வெச்சுக்கோ," என்றாள்.

டாக்டர் எழுந்து வராந்தாவில் நின்ற நர்ஸிடம் போனார். "இனிமே கதவத் தொறந்ததும் மொதல்ல 'சுயுஞ்சு'ன்னு சொல்லு. சத்தமா. அதுக்கப்புறம் உள்ள கூப்பிடு. புரிஞ்சுதா?"

என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். நான் உள்ளே போகலாமா என்று இரண்டு முறை கேட்டேன். போகலாம் என்றார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு அறைக்குள் என் அப்பா நுழைந்ததில்லை, அவருடைய அப்பாவும் நுழைந்ததில்லை.

பெகிமாய் மல்லாந்து படுத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அதைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தச் சுவர் ரொம்ப மெல்லிசு," என்றாள். "அக்கா பாடினது முழுசா கேட்டுச்சு. என் ரொட்டி பஞ்சு மாதிரி இருக்காமே?"

"பெகிமாய்..."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அக்கா வாயால இன்னிக்குத்தான் நல்ல வார்த்தை கேட்டேன். இன்னும் கொஞ்சம் பாடவிட்டிருக்கலாம்." சிரிக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, தையல்."

நர்ஸ் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொன்னாள். சின்னக் குழந்தைக்குச் சூடு வேண்டும், அம்மா தேறும்வரை அப்பாவின் நெஞ்சு போதும் என்றாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடி உயிரை என் மார்பில் குப்புறக் கிடத்தி, மேலே கம்பளியைப் போர்த்தினாள். எடையே இல்லை. முடி ஈரமாக இருந்தது. அவளுடைய மூச்சு என் தோலில் பட்டது, விலகியது, மறுபடி பட்டது.

பெகிமாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

"நீங்களும் நம்பிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ம்."

"நானும் பயந்தேன். கண்ணை மூடுனா அந்தக் கதவுதான் தெரிஞ்சுது."

அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையைக் கட்டில் பக்கம் நீட்டினேன். எட்டவில்லை. நர்ஸ் பார்த்துவிட்டு, நாற்காலியோடு சேர்த்து என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டாள்.