இருந்திருக்க வேண்டிய உயரம்

ஜோமோளுக்குக் கால்கள் போனபோது வயது பதினொன்று. உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப், மழையில் சறுக்கி வளைவில் கவிழ்ந்தது. பதினாறு பேர் ஏறியிருந்த வண்டி அது. பள்ளி விடுமுறை, வீட்டில் தனியாக விடுவானேன் என்று அம்மா கத்தரீனாள் மகளையும் கூட்டிப் போயிருந்தாள். அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மகள் வண்டிக்கு அடியில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம் வைத்து, இரண்டு கால்களையும் எடுத்துவிட்டார்கள்.

அப்பா சூசையப்பன் அதற்கு நாலு வருடம் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தார். நெட்டையான மனிதர். தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் தலை குனியாமல் அவர் நுழைந்ததே இல்லை. ஜோமோளுக்கும் அவள் அண்ணனுக்கும் அவரைப் பற்றி நன்றாக நினைவிருந்தது இது ஒன்றுதான்.

ஓட்டம் வந்தது இருபது வயதில், எதிர்பாராமல். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் ஒரு தொண்டு அமைப்பு செயற்கைக்கால் முகாம் நடத்தியது. பழைய கால்கள் புண்ணாக்குகின்றன, மாற்றித் தருவார்கள் என்று அண்ணன் டிஜோ அவளை அழைத்துப் போனான். அங்கே கால் செய்யும் டெக்னீசியன் ஆனந்தகுமார், அவள் நடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏங் கண்ணு, ஓடிப் பாத்திருக்கறயா?”

“நடக்குறதே பெரும்பாடு சார்.”

அவர் உள்ளே போய் வளைந்த கறுப்புப் பட்டைகள் இரண்டை எடுத்துவந்தார். வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய ஓட்டப் பிளேடுகள். ஒன்றரை வருடமாகப் பொருத்த ஆள் கிடைக்காமல் பெட்டிக்குள் கிடந்தனவாம். அவற்றைப் பொருத்தும் விதத்தை ஆனந்தகுமாரே வீடியோ பார்த்துத்தான் கற்றிருந்தார்.

மாட்டிக்கொண்டு எழுந்தபோது ஜோமோள் டிஜோவின் தோளைப் பிடித்திருந்தாள். அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“சார், இன்னுங் கொஞ்சம் ஒசரமா வைக்க முடியுமா?”

“எதுக்குங் கண்ணு?”

“எங்கண்ணன் காதுக்காவது வரணும்.”

ஆனந்தகுமார் சிரித்தார். “வெச்சுப்போடலாம். ஒசரம் கூடுனா எட்டும் நீளமாத்தான் வுழுகும்.” மூன்று விரற்கடை கூட்டி வைத்தார். அதற்கு ஒரு விதி இருக்கிறது என்பது அந்த அறையில் இருந்த மூவரில் யாருக்கும் தெரியாது.

அதன்பின் நாலு வருடம் அவள் வாழ்க்கை ஓட்டமாகவே இருந்தது. டிஜோவும் ஜீப்தான் ஓட்டினான். காலையில் தொழிலாளிகளை ஏற்றப் போகும் முன், ஐந்தரை மணிக்கே தங்கையை நெடுங்கண்டத்து மைதானத்தில் கொண்டுபோய் விடுவான். ஆறு மாதம் அவள் விழுவதும் எழுவதுமாக இருந்தாள். பிளேடுகளில் அசையாமல் நிற்க முடியாது. நின்றால் சாயும், ஓடினால்தான் நிமிரும். அது பிடிபட்ட நாளில் பிளேடுகளைக் கழற்றவே மனம் வராமல் ஆறு சுற்று ஓடிவிட்டு, வாந்தி எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே தரையில் கிடந்தாள்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநிலப் போட்டியில் நூறு மீட்டரைப் பதினாலு புள்ளி அறுபத்திரண்டு நொடியில் ஓடி முதலாவதாக வந்தாள். அங்கே யாரும் அவளை அளந்து பார்க்கவில்லை. சாலை முக்கில் அவள் படம் போட்டு பேனர் கட்டினார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் பெயர் சொல்லி வாழ்த்தினார். கத்தரீனாள் அன்றைக்கு முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் வீட்டுக்கு வந்தாள். விபத்துக்குப் பிறகு மகள் விஷயத்தில் சந்தோசப்படுவதற்கே அவளுக்குப் பயம்.

தேசியப் போட்டிக்கு வடக்கே ஒரு நகரத்துக்குப் போனார்கள். இரண்டு நாள் ரயில். அணியின் மேனேஜராக வந்திருந்தவர் பாலக்காட்டுக்காரர் ஹஸீபா டீச்சர். வீட்டில் தமிழ் பேசும் வியாபாரக் குடும்பம். ஓட்டத்துக்கு முந்தைய நாள் அவர் ஜோமோளை ஓர் அறைக்குக் கூட்டிப் போனார். சுவரை ஒட்டி ஒரு பெஞ்சு, நீளமான அளவுகோல்கள், மூன்று அதிகாரிகள். கால்களைக் கழற்றச் சொன்னார்கள். உட்கார்ந்த உயரத்தை அளந்தார்கள். கையை விரிக்கச் சொல்லி அளந்தார்கள். மேல்கை, முன்கை, தொடை என்று தனித்தனியாக அளந்து கணினியில் ஏற்றினார்கள். பிறகு பிளேடுகளை மாட்டி நிற்கச் சொன்னார்கள்.

டீச்சரின் முகம் மாறியதை ஜோமோள் பார்த்தாள்.

“நூத்தி அம்பத்தஞ்சரைன்னு சொல்றாங்கம்மா.”

“எது டீச்சர்?”

“உனக்குக் கால் இருந்திருந்தா நீ இருந்திருக்கக்கூடிய உயரம். அதுக்கு மேல போகக் கூடாது. நீ இப்ப நூத்தி அறுபது நிக்குற.”

ஜோமோளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கோபம் வரவில்லை. வெறும் குழப்பம்தான் வந்தது. “நான் எம்புட்டு வளந்திருப்பேன்னு இவுகளுக்கு எப்படி டீச்சர் தெரியும்?”

“கை நீளம், உடம்பு நீளம் எல்லாம் வச்சு ஒரு கணக்கு இருக்கு. எல்லாருக்கும் அதுதான். நீளமான கால் போட்டு யாரும் ஜெயிச்சுடக் கூடாதில்லையா?”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளை அதிகம் வருத்தியது. பிளேடை அங்கேயே குறைக்க வழி இல்லை. அறுத்துத் திரும்பப் பொருத்த வேண்டும். மறுநாள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து தன் பந்தயத்தைத் தானே பார்த்தாள். ஜெயித்த பெண் பதினஞ்சு புள்ளி நாற்பதில் வந்தாள். ஜோமோளும் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கத்தரீனாள் கொதித்துப்போனாள். “உங்கப்பா ஒசரம் என்னன்னு அவுகளுக்குத் தெரியுமாட்டி? நீ அவரு வளத்தி. பத்து வயசுலயே என் தோளுக்கு மேல நின்ன. அவுக உங்கப்பாவப் பாத்தாகளா?”

“அப்பாவை எல்லாம் கணக்குல சேக்க மாட்டாகம்மா.”

“நாந்தான உன்னைய அந்த ஜீப்புல ஏத்துனேன்,” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எந்தப் பேச்சும் அந்த வீட்டில் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

ஆனந்தகுமார் நாலரை சென்டிமீட்டர் குறைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. “என்ற தப்புதாங் கண்ணு. மொதல்லயே விசாரிச்சிருக்கோணும்.”

“ஒசரம் கேட்டது நான்தான சார்.”

இரண்டுமே உண்மைதான். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

நாலு வருடமாக உடம்பு பழகியிருந்த எட்டு வேறு. குறைத்த பிளேடுகளில் இடுப்பு ஒரு பக்கம் இழுத்தது, வளைவுகளில் விழுந்தாள். பிளேடின் சாய்வை எத்தனை முறை மாற்றி வைத்தும் இடது காலின் நுனி எலும்பு, காலைச் செருகும் சாக்கெட்டில் உரசிக்கொண்டே இருந்தது. முதலில் சிவந்தது, பிறகு கொப்பளித்தது, பிறகு ஆறவே இல்லை. காலுறையில் ரத்தம் கண்டால் அதைத் தானே துவைத்து, அம்மா கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் காயவைத்தாள். டிஜோ ஒருநாள் பார்த்துவிட்டான்.

“என்னட்டி இது? எத்தனை நாளா?”

“தேசியப் போட்டி முடியட்டும்ணே. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“அதுவரைக்கும் கால் இருக்குமா?”

“இல்லாத காலுக்கு என்னண்ணே,” என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் ஐந்தரைக்கு வண்டியை எடுத்தான். அதற்காக அவன் பின்னால் தன்னை மன்னிக்கவில்லை.

அடுத்த தேசியப் போட்டியில் அளவு சரியாக இருந்தது. அதிகாரி கட்டைவிரலை உயர்த்திக்கூடக் காட்டினார். ஐந்து பேர் ஓடினார்கள். ஜோமோள் ஐந்தாவது. பதினேழு புள்ளி பூஜ்யம் எட்டு. கோட்டைத் தாண்டி விழுந்தவளை ஹஸீபா டீச்சர் தூக்கியபோது, இடது சாக்கெட்டின் ஓரத்தில் சீழ் வழிந்திருந்தது.

புண் எலும்புக்குள் போயிருந்தது. மலையிறங்கி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தாள். இடது முழங்காலையும் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். “உயிருக்கு ஆபத்தில்லை” என்பதையே மூன்று முறை சொன்னார்.

முழங்கால் போனதும், ஊனத்தின் அளவை வைத்துப் பிரிக்கும் போட்டிப் பிரிவும் மாறியது. அந்தப் பிரிவில் ஓட அவள் இரண்டு வருடம் பெயர் கொடுத்தாள். இரண்டு வருடமும் பெண்களில் பெயர் கொடுத்தது அவள் ஒருத்திதான். ஒருத்திக்காகப் பந்தயம் வைக்க முடியாது என்று டீச்சர் போனில் சொன்னார்.

இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. காய் உலர்த்தும் தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்து, உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கிறாள். லயத்திலிருந்து ஸ்டோர்வரை படிக்கட்டுகள் என்பதால் சக்கர நாற்காலி போகாது. காலை நடையை முடித்துத் திரும்பி வந்து டிஜோ அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடுவான்.

போன மாசி மாதம் ஆனந்தகுமார் மலையேறி வந்தார். தலை நரைத்துவிட்டது. வெகுநேரம் மழையைப் பற்றியும், சித்தூரில் தென்னைக்கு வந்திருக்கும் நோயைப் பற்றியும் பேசிவிட்டு, மெல்லச் சொன்னார்.

“வேலந்தாவளத்துல ஒரு புள்ளை இருக்குது கண்ணு. ரெண்டு காலும் இல்ல. அந்தப் பிளேடு…”

“எடுத்துட்டுப் போங்க சார். அலமாரிக்கு மேல இருக்கு.”

“உனக்கு வருத்தமில்லையே?”

“இருக்கு சார்,” என்றாள் ஜோமோள். “எடுத்துட்டுப் போங்க.”

அவர் பிளேடுகளை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இன்னமும் ஐந்து மணிக்கு அவளுக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. டிஜோ வெளியே ஜீப்பைக் கிளப்புகிறான். காய் எடுக்கப் போகும் பெண்கள் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். வண்டிச் சத்தம் வளைவைத் தாண்டி ஓயும்வரை அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். பிறகு, தன்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க அம்மாவைக் கூப்பிடுகிறாள்.