வாசலில் சொட்டிய எண்ணெய்

கலாராணிக்குக் காரின் மீது கோபம் கோபமாக வந்தது. வருஷக் கணக்கில் ஒழுங்காக இருந்த வண்டி, மகள் கிருஷாந்தியின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதா சொட்டத் தொடங்க வேண்டும்?

கண்டி மஹய்யாவ வீட்டு வாசலில் நின்ற, நம்பர் பலகையில் ஸ்ரீ போட்ட அந்தப் பழைய காரின் அடியில், மகன் திலீபன் ஒரு காட்போட் மட்டையை விரித்திருந்தான். அதில் கறுப்பாக ஒரு பொட்டு. நேற்று மிளகளவு இருந்தது, இன்று ரூபாய்க் குற்றியளவு ஆகிவிட்டிருந்தது.

“அம்மா, மடவளைக்குக் கொண்டு போய் மெக்கானிக் பஹ்மி நானாக்கிட்ட காட்டிறலாம்.”

“காட்டினா கழட்டுவாரு. கழட்டினா கல்யாணத்துக்குள்ள பூட்ட முடியுமாடா?”

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. முன்பொரு தரம் இஞ்சினைக் கழற்றப் போய், சாமான் கிடைக்காமல் ஒரு மழைக்காலம் முழுவதும் கார் பஹ்மியின் கராஜிலேயே கிடந்தது. அந்த நாட்களில் அவள் கணவர் தியாகராஜா பஸ்ஸில் போய் வந்தார். வீட்டுக்கு வந்தால் யாரைக் கண்டாலும் எரிந்து விழுவார்.

தியாகராஜா போன தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். காலமெல்லாம் அந்தக் காரில்தான் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடினார். கண்டியில் பாதித் தமிழ் வீடுகளின் கல்யாண அல்பங்களில், மாலை போட்ட அதன் மூக்கு எங்காவது எட்டிப் பார்க்கும். கலகெதரப் பாதையில் ஒரு வளைவில் சின்னப் பிள்ளையார் இருக்கிறார். மணப்பெண்ணை ஏற்றிப் போகும்போது அங்கே காரை நிறுத்தி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் நகர்வார். நேரம் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் குதித்தாலும் மனிதர் அசைய மாட்டார். “நம்ம வண்டியில ஏறின புள்ள நல்லா இருக்கணும்ல?” என்பார்.

“ஊருக்குள்ள எல்லாப் பொண்ணையும் ஏத்தியாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி” என்று கிருஷாந்தியைச் சீண்டுவார். “உன் கல்யாணத்தன்னைக்கு முழுப் போத்தலையும் ஊத்துறேன் பாரு.”

கிருஷாந்தியின் கல்யாண மண்டபமும் கலகெதரவில்தான் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் நீளமான ஏசி கார் ஒன்றை அனுப்புவதாகச் சொன்னார்கள். “அப்பா கார்ல மட்டுந்தான் போவேன்” என்று அவள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அதற்காகத்தான் சும்மா கிடந்த வண்டியைத் திலீபன் கிளப்பி, சில நாட்களாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தான்.

கலாராணி கார்க் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். கோயில் வாசம் போல ஏதோ வந்தது. அவர் நினைப்பில் மூக்குக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? டயரில் லேசாக ஒரு சத்தம் கேட்டதற்கே நல்ல ஹயர் ஒன்றை வேண்டாம் என்று சொன்ன மனிதர். சந்தேகத்தோடு யாரையும் ஏற்றமாட்டார். சொந்த மகளையா ஏற்றுவார்? கூறைச் சேலையோடு பிள்ளை நடுவழியில் நின்றால்?

“எடுடா வண்டிய” என்றாள்.

மடவளையில் பஹ்மி பொனட்டைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். கலாராணி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் இஞ்சினைச் சுற்றித் தடவினார், டோர்ச் அடித்தார், பிறகு விரலை முகர்ந்து பார்த்தார்.

“என்னக்கா இது, இஞ்சின் ஒயில் மாதிரி இல்லயே.”

விரலை அவள் பக்கம் நீட்டினார். அழுக்கோடு அழுக்காக ஒட்டியிருந்தது நல்லெண்ணெய்! கலாராணி குனிந்து முகர்ந்தாள். காரில் வந்த வாசம் பிரமை இல்லை.

“பெட்டரிக்குப் பின்னால பாருங்க தம்பி. அவரு அங்கதான் எதையாச்சும் சொருகி வைப்பாரு.”

அங்கே, தியாகராஜாவே தகரத்தை வளைத்துப் பூட்டிய கொக்கியில், கறுத்துப்போன பழந்துணி சுற்றிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று இருந்தது. நெடுநாள் கழித்து ஓடிய இஞ்சின் சூட்டில் அடிப்பக்கம் வெடித்து, தூசியைக் கரைத்துக்கொண்டு துளித்துளியாக இறங்கியிருக்கிறது. மூடியை இறுக்கி நூல் கட்டியிருந்தது. புதுப் போத்தல். ஒருநாளும் திறந்ததில்லை.

“இஞ்சினுக்கு ஒண்ணுமில்லக்கா, தாராளமாப் போகலாம்” என்ற பஹ்மி, “இத எறிஞ்சிரவா?” என்று கேட்டார்.

“ஐயோ, குடுங்க இங்க!” என்று அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். சேலையெல்லாம் எண்ணெய். அவள் அழுவதைப் பார்க்காதவர் போல பஹ்மி பொனட்டை மூடினார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

கல்யாணத்தன்று திலீபன் அந்த வளைவில் காரை நிறுத்தினான். பின்னால் வந்த வேன்களில் யாரோ நேரத்தைப் பற்றிக் கத்தினார்கள். கிருஷாந்தி கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மிஞ்சிய எண்ணெயைக் கலாராணி வேறொரு சின்னப் போத்தலில் கொண்டு வந்திருந்தாள். அது விளக்கின் பாதிக்குக்கூட வரவில்லை.

கிருஷாந்தியின் முகம் வாடியது. “அப்பா முழுப் போத்தலும் ஊத்துறேன்னு சொன்னாரேம்மா.”

கலாராணி திரியைத் தூண்டிவிட்டாள்.

“மிச்சத்த நம்ம வாசல்லயே ஊத்திட்டாரேடி.”