எம்.எல். சுந்தரவல்லி விற்ற மேசை விரிப்பு

1

ஒரு மாணவர் மலருக்கு, 'சட்டத்தில் எம்.எல். படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும்?' என்று கட்டுரை கேட்டார்கள். விரிவுரையாளர், கம்பெனிச் சட்ட ஆலோசகர் என்று எழுதிக்கொண்டே போனேன். மூன்றாவது வரியில் எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே இந்தக் கதை.

2

1973. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து திமுதிமுவென்று இறங்கிய கூட்டம்...

(வேண்டாம். கூட்டத்தை உள்ளே விட்டால் கதாநாயகிக்கு நிற்க இடமிருக்காது.)

ரங்கநாதன் தெருவில் புடவைக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் மகள் சுந்தரவல்லியிடம் சொன்னார்: "ஏட்டி, வக்கீலாவ பி.எல். போதும்லா? எம்.எல்.லும் முடிச்சிட்ட. தீவாளிக்குள்ள வேல கெடைக்கலேன்னா தையில பாத்திரக்கட மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும், பாத்துக்க."

மாப்பிள்ளை நல்லவர்தான். (முதல் வரைவில் கெட்டவராக எழுதியிருந்தேன், முறைத்தார், திருத்திவிட்டேன்.) ஆனால் அவளுக்கு வேண்டியது வகுப்பறை.

3

அடையாறில் ஒரு சட்டக் கல்லூரிக்கு விரிவுரையாளர் தேவைப்பட்டது; எம்.எல். கட்டாயம். (அங்கே ஏது சட்டக் கல்லூரி என்பீர்கள். கதைக்காக நான் கட்டியது, அந்த சிமெண்டுத் தட்டுப்பாட்டிலும்.)

நேர்முகத் தேர்வில் ஒப்பந்தச் சட்டத்தில் மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னார்கள். எதிரே மூன்று பேர். நடுவில் முதல்வர் ஸ்ரீனிவாசராகவன், மயிலாப்பூர்க்காரர். சுந்தரவல்லி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். சின்ன வயசிலிருந்து கடையில் நின்ற வாய் பதற்றத்தில் தானாகத் திறந்தது.

"வாங்க சார், உக்காருங்க. என்ன விலையில காட்டட்டும்?"

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அழமாட்டேன் என்றுவிட்டாள்.)

அதற்குள் கை மேசை விரிப்பை உருவி, உதறி, முதல்வர் முன் விரித்திருந்தது. இனி பின்வாங்க முடியாது.

"தொட்டுப் பாருங்க சார். சாயம் போகாது."

முதல்வர் தடவிப் பார்த்தார். "எங்காத்து மேஜைக்குச் சரியா இருக்கும் போலிருக்கே. பதினஞ்சு ரூபா தரேன்."

"இருபது."

"பதினெட்டு. இதுக்கு மேல பேசப்படாது."

"சரி, எடுத்துக்குங்க."

முதல்வர் பர்சையே எடுத்துவிட்டார். (சத்தியம்.)

"சார், நான் விரிச்சுக் காட்டினது முன்மொழிவு இல்ல, கேளுங்கன்னு கூப்பிட்டது, அவ்வளவுதான். நீங்க பதினஞ்சுக்குக் கேட்டீங்களே, அதுதான் முன்மொழிவு. நான் இருபதுன்னதுமே உங்க பதினஞ்சு செத்துப்போச்சு. பதினெட்டுக்குச் சரின்னது ஏற்பு. ஆனா விரிப்பு காலேஜோடது. எனக்கே இல்லாத உரிமைய உங்களுக்கு எப்படிக் கொடுப்பேன்? பர்சை உள்ள வைங்க. பாடம் முடிஞ்சுது."

கைதட்டிய சத்தத்தில் அடையாற்றுக் காகங்களெல்லாம் கிளம்பித் திருவான்மியூரில் போய் இறங்கின.

"நாளைக்கே வந்து சேர்ந்துடும்மா," என்றார் முதல்வர். "ஆனா என் ரூம் திரைச்சீலைப் பக்கம் மட்டும் போயிடாதே."

4

வேலை கிடைத்துவிட்டது, அதில் மாற்றமில்லை. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். பிறகு?

சுயம்புலிங்கம் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

அல்லது, "பதினெட்டுக்கா விட்ட? இருபத்திரண்டுக்குத் தள்ளிருக்கலாமேட்டி!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அல்லது, பாத்திரக்கடை மாப்பிள்ளை அவள் வகுப்பிலேயே சேர்ந்தார். முதல் வரிசை. கேள்வி கேட்டால் எழுந்து நி...

போதும். மூன்றையும் விரித்துக் காட்டிவிட்டேன். இது முன்மொழிவு இல்லை. எது வேண்டுமென்று கேட்க வேண்டியது நீங்கள்தான்.